லாரி முதுகில் ஒரு ஹெலிகாப்டர்

ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் முதுகில் வைத்து, சேதமில்லாமல் வேறோர் ஊரில் இறக்கிவிடுவது. நம் தொழில் என்னவென்று யார் கேட்டாலும் நான் இவ்வளவுதான் சொல்வேன். மற்றதெல்லாம் கயிறும் வியர்வையும்.

போன மாதம் உங்கள் பயிற்சிக் கூடத்துக்குப் பேச வந்திருந்தேன். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அமெரிக்காக்காரர்கள் தங்கள் விண்வெளி ஓடத்தை ஜம்போ விமானத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற படம். யானைமேல் இன்னொரு யானை உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கும். "இதை எப்படி சார் கட்டியிருப்பாங்க?" என்று கேட்டாள். "மூன்று காலில் நிற்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு" என்றேன். கிழவர் அடித்துவிடுகிறார் என்று நினைத்தீர்களோ என்னவோ, கூடமே சிரித்தது. நேரம் முடிந்துவிட்டதால் அன்றைக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். பார்த்த இடம் போடிமெட்டு மலைப்பாதை, மேலிருந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. அப்போது எனக்குப் பின்னால் ஆறு ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் ஒரு ஹெலிகாப்டர், பறந்து போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஓட்ட ஆளில்லாமல், இறக்கையும் இல்லாமல்.

நான் ராசிங்காபுரத்துக்காரன். அண்ணன்மார் இரண்டு பேரும் தோட்டந்துரவைப் பார்த்துக்கொண்டார்கள். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மதுரையில் ஒரு கனரகச் சரக்கு நிறுவனத்தில் சேர்ந்து, பத்து வருஷத்தில் லோடு சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். மின்நிலையத்துக்கு டிரான்ஸ்பார்மர், சர்க்கரை ஆலைக்குக் கொதிகலன், மலைக்கு மேலே ராட்சசக் குழாய் என்று ஏற்றாத பாரமில்லை. எடைதான் நம் எதிரி என்று நினைத்திருந்தேன். எடையை ஜெயித்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு திமிரும் இருந்தது.

அது ஜூன் மாதத் தொடக்கம். மேனேஜர் கூப்பிட்டு, "போடிமெட்டுல ஒரு ஹெலிகாப்டர் எறங்கி நிக்குது. லாரியில ஏத்தி மதுரைக்குக் கொண்டுவரணும்" என்றார். கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளித்துவிட்டு, மதுரைக்குத் திரும்பி வந்த சின்ன ஹெலிகாப்டர். மலையைத் தாண்டும்போது எஞ்சின் இருமியதால் ஒரு ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டார்களாம். உதிரிப் பாகம் வந்து அங்கேயே சரிசெய்யப் பல நாளாகும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் நிற்கிற சரிவே மிஞ்சாது.

"எடை என்ன சார்?" என்று கேட்டேன்.

"முக்கால் டன் இருக்கும்."

சிரித்துவிட்டேன். "முக்கால் டன்னுக்கு நான் எதுக்கு சார்? ரெண்டு பேரு போதுமே!"

தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் பணிக்காலத்தில் எந்த லோடைப் பார்த்தாவது சிரிப்பு வந்தால், அந்த லோடை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

போடியில் டிரைவர் சீனிச்சாமி லாரியோடு காத்திருந்தார். உள்ளூர்க்காரர். மரலோடு ஏற்றி அந்த மலையில் ஏறி இறங்கியே முன்நெற்றி முடியைத் தொலைத்தவர். எங்களுக்குள் உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவர் என்னை மாப்ளே என்பார், நான் அவரை மாமா என்பேன். முக்கால் டன்தான் என்று அவரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

மேலே போய்ப் பார்த்தோம். ஏலநாற்றுப் பாத்திகளுக்கு நடுவில் அந்த இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. முன்பக்கம் பெரிய கண்ணாடிக் குமிழ், பின்பக்கம் கம்பிக் குழாய்களைப் பின்னிச் செய்த நீளமான வால், அடியில் சறுக்குப் பலகை மாதிரி இரண்டு கால்கள். தும்பி ஒன்று பெரிதாகி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் காக்கி மேலங்கியோடு, மூன்று நாள் தாடியோடு விமானி. மலையாளி. தோட்டத்தில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்றார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

தோட்டத்துப் பெண்கள் அவருக்குக் கப்பக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். என்ன இவ்வளவு உபசாரம் என்று கேட்டேன். காய் பறிக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த பேச்சியம்மாள் சொன்னாள். "அன்னிக்கு ஸ்டோருக்கு முன்னாடி களத்துலதான் நாங்க நாப்பது பேரு உக்காந்து காய் பிரிச்சுக்கிட்டு இருந்தோம். எறங்கத் தோதான சமதரை அது ஒண்ணுதான். இந்த மனுசன் எங்களப் பாத்துப்புட்டு, மூக்கத் திருப்பி இந்தச் சரிவுல கொண்டாந்து எறக்கிட்டாரு. ஏந் நாத்து அம்புட்டும் நசுங்கிப்போச்சு. போகட்டும். நாத்து மறுவருசம் மொளைக்கும்."

கேப்டன் காதில் விழாத மாதிரி கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்.

ஏற்றிய விவரம் உங்களுக்குத் தேவையில்லை. மேல் இறக்கைகளைக் கழற்றிச் சாக்கில் சுற்றி ஜீப்பில் முன்னதாக அனுப்பியாயிற்று. வாலைக் கழற்றத் தனி உபகரணம் வேண்டும், அது கொச்சியில் இருந்தது. வாலோடுதான் கொண்டுபோக வேண்டும். வால் லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வளைவிலும் பாறையைத் தேய்க்கும். "திருப்பி வையி மாப்ளே. வாலு ஏந் தலைக்கு மேல நீட்டிக்கிட்டு முன்னாடி வரட்டும். கண்ணுல பட்டா நான் பாத்துக்கிறேன். முதுகுக்குப் பின்னாடி நடக்குறது எனக்கெப்படித் தெரியும்?" என்றார் சீனிச்சாமி. நல்ல யோசனை. அப்படியே வைத்தோம். மூக்கு பின்னால், வால் முன்னால். கேப்டனுக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

கட்டுவது என் சோலி. நான்கு மூலையிலும் மரக்கட்டை கொடுத்து, நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு, டிரான்ஸ்பார்மரைக் கட்டுகிற மாதிரியே இறுக்கினேன். மழை வந்தால் நனையக்கூடாதென்று தோட்டத்திலிருந்து ஒரு பெரிய தார்ப்பாய் வாங்கி மேலே போர்த்தினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

காலையில் ஆட்களை ஏற்றிவரும் ஜீப்புகள் மேலே வந்து சேர்ந்த பிறகு, அவை சாயங்காலம் கீழே இறங்குவதற்கு முன்னால் நாங்கள் மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும். அதுதான் திட்டம். கிளம்பும்போதே மதியம் இரண்டாகிவிட்டது. என் பெருமை ஆற இரண்டு வளைவு போதுமானதாக இருந்தது.

கேப்டன் முன்னால் உட்கார மாட்டேன் என்று, லாரித் தொட்டியில் தன் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். தூசிக்காகப் பறக்கும்போது போடுகிற வெள்ளைத் தலைக்கவசத்தையும் மாட்டியிருந்தார். முதல் வளைவில் "பதுக்கே, பதுக்கே" என்ற குரல் கேட்டது. மெதுவாகப் போகச் சொல்கிறார். இரண்டாவது வளைவில் குழாய்கள் முனகுகிற சத்தம். இறங்கிப் பார்த்தேன். லோடு அசைகிறது என்று எனக்குத் தோன்றியது. அசைகிற லோடை என்ன செய்வோம்? இறுக்குவோம். ஒவ்வொரு சங்கிலியையும் இன்னும் இரண்டு திருகு இறுக்கினேன்.

மூன்றாவது வளைவில் வண்டி திரும்பி முடிப்பதற்குள் படாரென்று ஒரு சத்தம். கண்ணாடிக் குமிழ் கீழிருந்து மேல்வரை விரிசல் விட்டுவிட்டது.

சீனிச்சாமி நிறுத்தினார். நின்ற இடம் மோசமான இடம். மேற்கேயிருந்து கணவாய் வழியாக வருகிற காற்று அந்த வளைவில்தான் கீழே பாயும். ஓடும்போது தெரியாத காற்று, நின்றதும் தெரிந்தது. தார்ப்பாய் உப்பியது. அது உப்பும்போதெல்லாம் ஹெலிகாப்டரின் ஒரு பக்கம் கட்டையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி, பிறகு தொம்மென்று உட்கார்ந்தது. கேப்டன் அதன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார். நான் மறுபடியும் சங்கிலியைப் பிடித்தேன். பதறிய கைக்கு ஒரு வேலைதான் தெரியும், ஏற்கெனவே செய்த வேலை.

அதற்குள் வேலை முடிந்த ஆட்களோடு ஜீப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து நின்றுவிட்டன. பாதையின் அகலத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் எங்களை உரசிக்கொண்டு கீழே போனது. முதல் ஜீப்பிலிருந்து பேச்சியம்மாள் இறங்கி வந்தாள்.

"என்னப்பு, வழிய மறிச்சுக்கிட்டு என்ன சோலி பாக்குறீக?"

"காத்து தூக்குதாத்தா. இன்னுங் கொஞ்சம் இறுக்கிட்டா சரியாயிரும்."

அவள் தார்ப்பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காத்துல குடைய விரிச்சு வச்சுக்கிட்டு, பறக்குது பறக்குதுன்னு கைய இறுக்குனா ஆச்சா? குடைய மடக்கப்பு மொதல்ல!"

தார்ப்பாயை அவிழ்த்து உருவினோம். இயந்திரம் அப்படியே அடங்கி உட்கார்ந்தது. வராத மழைக்குப் பயந்து, வந்துகொண்டிருந்த காற்றுக்குப் பாய்மரம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்க ஐ.டி.ஐ. தேவைப்படவில்லை.

காற்றுப் பிரச்சினை பாதி தீர்ந்தது. ஆனால் இன்னும் பதினான்கு வளைவு பாக்கி. மூன்று வளைவிலேயே கண்ணாடி போய்விட்டது. கேப்டன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் மேலங்கிப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டியது. அதே படம். ஜம்போ விமானத்தின் முதுகில் விண்வெளி ஓடம்.

"எத்தனை காலில் நிக்குது, எண்ணு."

எண்ணினேன். "மூணு."

"அத்தனை பெரிய சாதனம். மூணு கால் மதி, மூணு போதும். நீ இந்தக் குஞ்ஞு சாதனத்துக்கு நாலு மூலையும் சங்கிலி போட்டு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது வானத்துல போகுது கேப்டன். அங்க ஏது வளைவு, ஏது பள்ளம்?"

"வானத்திலயும் விமானத்தோட முதுகு வளையும், முறுக்கும். அது மேலே இருக்கிறதுக்கு அறியக்கூடாது. அதுக்குத்தான் மூணு."

எனக்கு அது விளங்கவில்லை. விளங்க வைத்தவர் சீனிச்சாமி. வண்டி நகராமலிருக்கச் சக்கரத்துக்கு அண்டக் கல்லை வைத்துவிட்டு வந்தவர், படத்தை எட்டிப் பார்த்தார். "மாப்ளே, இதத்தான் நான் வண்டிக்குள்ள உக்காந்து பாத்துக்கிட்டு வர்றேன். வளைவுல ஒரு டயர் மேட்டுல ஏறுது, ஒரு டயர் பள்ளத்துல எறங்குது. வண்டித் தொட்டி துணியப் பிழியுற மாதிரி முறுக்குது. நீ நாலு மூலையிலயும் ஆணியடிச்ச மாதிரி கட்டியிருக்க. தொட்டி முறுக்குனா அதுவுஞ் சேந்துதான முறுக்கும்? முக்காலிய எந்த மேட்டுல போட்டாலும் ஆடாம நிக்கும். கட்டில் நிக்குமா?"

"இத ஏம் மாமா மொதல்லயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? முக்கால் டன்னுன்னு சிரிச்சியே!"

அந்த இடத்தில் நான் எடுக்க வேண்டிய முடிவைச் சொல்கிறேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். இப்படியே போகலாம். பதினேழாவது வளைவில் என்ன மிஞ்சியிருக்கும் என்று தெரியாது. இறக்கி ஓரமாக வைத்துவிட்டு உதவிக்கு ஆள் அனுப்பலாம். அந்தக் காற்றில் கட்டில்லாமல் வைத்தால் கேப்டனின் இயந்திரம் பள்ளத்தில் கிடக்கும். அல்லது சங்கிலிகளை அவிழ்த்து, ஒரு சாண் தூக்கி, வால் பக்கமிருக்கும் இரண்டு கட்டைகளை எடுத்துவிட்டு நடுவில் ஒரே ஒரு கட்டை வைத்து மறுபடி இறக்கலாம். அதற்கு அது சில நிமிடம் மனிதக் கைகளில் மட்டும் நிற்க வேண்டும். நழுவினால் ஆளும் போகும், இயந்திரமும் போகும்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சுவரோரம் நடந்தேன். பத்தடி போய் பத்தடி திரும்பி வந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. காற்று எப்படி வருகிறது என்று மட்டும் கவனித்தேன். விடாமல் அடிக்கவில்லை. ஒரு பாட்டம் அடித்துவிட்டு மூச்சு வாங்கியது. அந்த இடைவெளி எங்களுக்குப் போதும் என்று தோன்றியது. இன்றைக்கும் நெருக்கடியில் நான் முதலில் செய்வது அந்தப் பத்தடி நடைதான். ஹாரன் சத்தத்தில் எடுக்கிற முடிவு ஹாரனின் முடிவு, நம்முடையது அல்ல.

பேச்சியம்மாளிடம் போனேன். "ஆத்தா, தூக்க ஆள் வேணும்."

"ஏலக்கா மூட்டை தூக்குற கைதான். எங்க பிடிக்கணும், எங்க பிடிக்கக் கூடாது, அத மட்டும் சொல்லு."

முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஆண்கள் சிலர், பெரும்பாலும் பெண்கள். கேப்டன் தன் கைக்குட்டை, துண்டு எல்லாவற்றையும் கிழித்து, தொடக்கூடாத இடங்களில் கட்டிவைத்தார். துணி கட்டாத இடத்தில் மட்டும் கை. லாரித் தொட்டியில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். பேச்சியம்மாள் சக்கரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"நாஞ் சொன்னாத் தூக்கணும், நாஞ் சொன்னா எறக்கணும். நடுவுல எவளுக்காச்சும் தும்மல் வந்தா முழுங்கிக்க!"

காற்று ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்தது. நான் தலையசைத்தேன். அவள் குரல் கொடுத்தாள். ஹெலிகாப்டர் பூ மாதிரி எழும்பியது. நான் அடியில் தவழ்ந்து போய்க் கட்டைகளை உருவினேன். நடுக்கட்டையைத் தள்ளி வைத்தபோது என் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில், வால் உடம்போடு சேருகிற இடத்தில், ஒரு குழாய் மூட்டு தெரிந்தது. அதன்மேல் பெயிண்ட் முடிபோல ஒரு கோடாய் வெடித்திருந்தது. இரண்டு விரல் நீளம். அடுத்த காற்று வருகிற ஓசை கேட்டது. வெளியே வந்தேன். "எறக்கு" என்று கத்தினேன். இறக்கினார்கள்.

சங்கிலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, நைலான் பட்டைகளால் கட்டினோம். பட்டைக்கு நடுவே கொஞ்சம் இழுபடட்டும் என்று ஜீப்புக்காரர்களிடம் பழைய டயர் டியூப் வாங்கி வெட்டிச் சேர்த்தோம். கிளம்பினோம். நான்காவது வளைவில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தமில்லை. ஐந்தாவதில் இல்லை. பத்தாவது வளைவில் தொட்டியிலிருந்து கேப்டன் ஏதோ மலையாளப் பாட்டு முணுமுணுப்பது கேட்டது. எங்களுக்குப் பின்னால் ஆறு ஜீப்புகளும் கல்யாண ஊர்வலம் மாதிரி வந்தன.

அடிவாரத்தில் எங்களுக்கு வேறொரு வரவேற்பு காத்திருந்தது. உரசிக்கொண்டு போன அந்த மோட்டார் சைக்கிள்காரர் போடியில் என்ன சொன்னாரோ தெரியாது. நாங்கள் போய்ச் சேரும்போது, போடிமெட்டில் ராக்கெட் விழுந்துவிட்டது, லாரியில் கொண்டுவருகிறார்கள் என்று ஊரே ரோட்டோரம் நின்றது. கண்ணாடிக் குமிழ், கம்பி வால், இறக்கை கிடையாது. போதாததற்கு அதற்குப் பக்கத்தில் வெள்ளைத் தலைக்கவசத்தோடு ஓர் உருவம். நம்பாமல் என்ன செய்வார்கள்?

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தி, கேப்டனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அவரு நம்ம பாசை பேசுவாரா?"

"மலையாளங் கலந்து பேசுவாரு" என்றேன்.

டீக்கடைக்காரர் ஒரு கிளாஸ் டீயை இரண்டு கையாலும் நீட்டினார். கேப்டன் தலைக்கவசத்தைக் கழற்றி வாங்கிக் குடித்துவிட்டு, "பஞ்சாரை கூடுதல்" என்றார். சர்க்கரை அதிகமாம். கூட்டத்துக்கு ஏமாற்றமாகிவிட்டது. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து இறங்கிய பேச்சியம்மாள், "ராக்கெட்டுமில்ல ஒண்ணுமில்ல. ஏந் நாத்தங்காலுல உக்காந்திருந்த வண்டி. நாங்கதான் தூக்கி வச்சோம்" என்று சொல்லி எல்லாரையும் கலைத்துவிட்டாள்.

இதுவரை சொன்னது சிரித்துக்கொண்டே சொல்லலாம். அடுத்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை போடியிலிருந்து மதுரைக்குக் கிளம்பினோம். அந்த முடியளவு வெடிப்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கேப்டனுக்குக் கண்ணாடி உடைந்தது தெரியும். மூட்டு தெரியாது. அடியில் படுத்தவன் நான் ஒருவன்தான். தேனி தாண்டியதும் சீனிச்சாமியிடம் சொன்னேன்.

"பெயிண்டுதான வெடிச்சிருக்கு? எறங்குனப்ப அடிபட்டதாக்கூட இருக்கும். நீ வாயக் கெளறுனா ஒன் தலையில விழும் மாப்ளே. கண்ணாடிக்கே மேனேஜரு குதிப்பாரு."

அவர் கெட்டவர் இல்லை. என்மேல் உள்ள பிரியத்தில் சொன்னார். எனக்கும் அப்படியே நம்பிவிட ஆசையாக இருந்தது. உசிலம்பட்டி வரைக்கும் நம்பினேன். அதற்கப்புறம் முடியவில்லை. இரண்டாவது வளைவில் சங்கிலியை இரண்டு திருகு இறுக்கிய கை என்னுடையது. பெயிண்ட் தானாக வெடிக்காது.

மதுரையில் இறக்கி முடித்ததும் ஒப்படைப்புச் சீட்டில் கேப்டன் கையெழுத்துப் போட்டார். சேதம் என்ற இடத்தில் 'முன் கண்ணாடி' என்று மட்டும் எழுதியிருந்தார். நான் சீட்டைத் திரும்ப வாங்கி, அதற்குக் கீழே எழுதினேன். 'வால் சேரும் மூட்டில் வெடிப்பு. நான் நான்கு மூலையிலும் கட்டி, அளவுக்கு மேல் இறுக்கியதால் ஏற்பட்டது.' பெயரும் போட்டேன்.

கேப்டன் படித்தார். முகம் மாறியது. "எப்போ பார்த்தது?"

"நேத்து. கட்டைய மாத்தும்போது."

"இன்னலே பார்த்தது இன்னிக்கு பறயுந்நோ?" என்று சத்தம் போட்டார். நேற்றே பார்த்ததை இன்றைக்கா சொல்கிறாய் என்று கேட்கிறார். அவர் கோபப்பட்டு அப்போதுதான் பார்த்தேன். விறுவிறுவென்று போய் மூட்டைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "இப்பமெங்கிலும் பறஞ்ஞல்லோ" என்றார். இப்போதாவது சொன்னாயே என்று அர்த்தம்.

சீனிச்சாமி சொன்னது பலித்தது. மேனேஜர் குதித்தார். ஆறு மாதம் எனக்குப் பெரிய லோடு எதுவும் கிடையாது. வெங்காய லாரிகளுக்குச் சீட்டுப் போட்டேன். வெங்காயத்தை எத்தனை காலில் நிற்க வைப்பாய் என்று ஆபீசில் எல்லாரும் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

ஒரு மாதம் கழித்து ஹெலிகாப்டர் மெக்கானிக் சொல்லியனுப்பிய சேதி வந்தது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால், வெடிப்பு குழாயைச் சுற்றி முக்கால் வாசி ஓடியிருந்ததாம். சீட்டில் அந்த வரி இல்லாவிட்டால் எஞ்சினை மட்டும் சரிசெய்து, கண்ணாடியை மாற்றிப் பறக்க விட்டிருப்பார்கள். அதைக் கேட்ட அன்று நான் வெங்காய மூட்டைமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சீனிச்சாமி அந்தச் சேதியைக் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் பருத்திக்கு மருந்து தெளிக்க அதே ஹெலிகாப்டர் தேனிப் பக்கம் வந்தது. கேப்டன் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஒரு தரிசு நிலத்தில் அது நின்றது. புதுக் கண்ணாடி, புதுப் பெயிண்ட், மூக்கு முன்னால் வால் பின்னால்.

"கேறிக்கோ" என்றார். ஏறி உட்கார்ந்தேன்.

பத்து வருஷத்துக்கு மேல் எத்தனையோ லோடு கட்டியவன் நான். யாரும் என்னைக் கட்டியதில்லை. கேப்டன் இருக்கைப் பட்டையை என் மேல் போட்டு, ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "எங்ஙனே? கெட்டியது மதியோ? கட்டு போதுமா?" என்று கேட்டார். பிறகு கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். "நீ எழுதின மூட்டு அவிடயாணு. புதுசா வெல்ட் வச்சது. பாக்கணோ?"

பட்டையை அவிழ்த்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். விரலால் சுற்றிலும் தடவினேன். வழவழவென்று இருந்தது. அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் இந்த இருக்கையில் ஏறி உட்காரத் துணிவேனா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் எந்த ஒப்படைப்புச் சீட்டை எழுதும்போதும் மனசுக்குள் அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினேன்.

திரும்பி வந்து ஏறினேன். இறக்கை சுழன்றது. தரிசில் இருந்த தூசியெல்லாம் எழும்பி அடங்குவதற்குள் நாங்கள் தென்னைக்கு மேலே இருந்தோம். தூரத்தில் போடிமலை. கொண்டை ஊசி வளைவுகள் யாரோ கிறுக்கிய மாதிரித் தெரிந்தன. என் இரண்டு கைகளும் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியை எந்தச் சங்கிலியும் பிடித்திருக்காது.

கேப்டன் என் பக்கம் சாய்ந்து கத்தினார். "பேடியுண்டோ? பயமா?"

"இல்ல கேப்டன்" என்று நானும் கத்தினேன்.

அந்த வருஷம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.